வாசலில் நிற்கும் ஒழுக்கம்

பிரிந்து போன பழைய நண்பரைத் தேடிக் கண்டடைவது நன்மையா என்று எவரேனும் கேட்டால், அதிலென்ன ஐயம் என்றே நாம் வியப்போம். அறுந்த உறவை இணைப்பது நற்பண்பு. மறந்த முகத்தை நினைத்துப் பார்ப்பது மனிதத் தன்மை. ஆயினும் தேடுவது வேறு, கண்டுபிடிப்பது வேறு, கண்டுபிடிக்கப்பட்டவரின் வாழ்வினுள் நுழைவது வேறு. இம்மூன்றையும் ஒன்றென எண்ணி நான் ஒரு தவறு செய்தேன். அத்தவறு எனக்குக் கற்பித்த பாடத்தை, நம் குடும்பத்தார் சிந்திக்கும் பொருட்டு இங்கே எழுதுகிறேன்.

அன்றைய தேடலும் இன்றைய தேடலும்

தேடல் நமக்குப் புதிதன்று. சபர் சென்றவர்களின் சமுதாயம் நம்முடையது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இரங்கூனுக்கும் கொழும்புக்கும் சென்ற பாட்டன்மார், பின்னர் வளைகுடா நாடுகளுக்குச் சென்ற தந்தையர், தமையன்மார் எனத் தலைமுறை தலைமுறையாகப் பிரிவோடு வாழப் பழகியவர்கள் நாம். கடிதம் நின்று போன ஒருவரைப் பற்றி அறிய வேண்டுமாயின், விடுமுறையில் ஊர் வந்திருக்கும் சபராளியின் வீட்டுத் திண்ணைக்குச் செல்வோம். அவர் திரும்பிச் சென்று, தாமறிந்த கடைக்காரர் ஒருவரிடம் சொல்வார். அந்தக் கடைக்காரர் ஜும்ஆவுக்கு வரும் மற்றொருவரிடம் விசாரிப்பார். மாதங்கள் பல கழிந்த பின், “ஆள் நலமாக இருக்கிறார், ஸலாம் சொல்லச் சொன்னார்” என்று செய்தி வரும். சில வேளை, “ஆளைக் கண்டேன், இப்போது கடிதம் எழுதும் நிலையில் இல்லை என்கிறார்” என்றும் வரும். அதைக் கேட்டுத் தாய் அழுவாள். உயிரோடு இருக்கிறார் என்பதறிந்து தேறுவாள். இவ்விரண்டு விடைகளிலும் ஒன்று பொதுவாக இருந்ததை நோக்குக. நடுவில் நின்றவர், தேடப்பட்டவரிடம் கேட்டுவிட்டே விடை சொன்னார்.

ஆள்வழி ஆளாகச் செல்லும் இச்சங்கிலியை மேலைநாட்டார் அளந்தும் பார்த்திருக்கின்றனர். அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்டான்லி மில்கிராமும் ஜெஃப்ரி டிராவர்ஸும் 1969-இல் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் புகழ் பெற்றது. நெப்ராஸ்கா மாநிலத்தவரும் பாஸ்டன் நகரத்தவருமான 296 பேரிடம், பாஸ்டனில் தொழில் செய்த ஒரு பங்குத் தரகரைச் சென்றடைய வேண்டிய மடல் ஒப்படைக்கப்பட்டது. அவரை நேரில் அறியாதவர், தாம் நன்கு பழகிய ஒருவர் வழியாகவே அதை அனுப்புதல் வேண்டும். 64 மடல்களே சென்று சேர்ந்தன. சேர்ந்தவற்றிற்கு நடுவில் நின்றவர்கள் சராசரியாக ஐவருக்குச் சற்று மேல். எஞ்சியவை தொடக்கத்திலோ நடுவிலோ எவரேனும் ஒருவர் அனுப்பாமல் விட்டமையால் நின்று போயின. சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் ஒரு மனிதர், அவர் விரும்பினால் அனுப்பலாம், விரும்பாவிடில் நிறுத்தலாம்.

2004-இல் தோன்றிய முகநூல் இச்சங்கிலியை மிகவும் சுருக்கிவிட்டது. அதன் ஏறத்தாழ 72 கோடி உறுப்பினரை வைத்து 2011-இல் செய்யப்பட்ட கணக்கில், எவரேனும் இருவருக்கு இடையே உள்ள தொலைவு சராசரியாக 4.74 அடி எனத் தெரிய வந்தது. அதாவது, நடுவில் நிற்பவர்கள் நால்வர் கூட இல்லை. “உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்” என்று முகங்களைத் தானே முன்வந்து காட்டும் ஏற்பாட்டை 2008-இல் அது தொடங்கியது. நமக்கும் அவருக்கும் பொதுவான நண்பர்கள், பயின்ற பள்ளி, பணி செய்த இடம், உறுப்பினர்கள் தம் கைபேசியிலிருந்து ஏற்றிவைக்கும் எண்கள் ஆகியவற்றைக் கொண்டு அது இவ்வூகத்தைச் செய்கிறது. என் எண் பிறருடைய கைபேசியில் இருக்கிறது. அவர் தம் பட்டியலை ஏற்றும்போது என் எண்ணும் சேர்ந்தே ஏறுகிறது. என்னை எவரும் கேட்பதில்லை. இங்கும் நடுவில் ஒருவர் நிற்கத்தான் செய்கிறார். ஆனால் தாம் நடுவில் நிற்பது அவருக்கே தெரியாது. அன்றைய சபராளிக்கும் இன்றைய “பொது நண்பருக்கும்” உள்ள வேறுபாடு இதுவே.

ஒரே சஹனில் உண்டவர்

1987-ஆம் ஆண்டு நான் மதரஸாவில் ஓதிக் கொண்டிருந்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்த மாணவர் ஒருவரும் நானும் ஒரே சஹனில் உண்டவர்கள். அவரைக் காக்கா என்றே அழைப்பேன். அரபு இலக்கணத்தில் நான் தடுமாறிய போதெல்லாம், இஷாவுக்குப் பின் என்னை அருகிலமர்த்திப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

ஒரு நாள் மாணவர் ஒருவரின் பெட்டியிலிருந்து 200 ரூபாய் காணாமற் போயிற்று. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே தொழுகைக் கூடத்தில் தென்படாதவர் யார் என்று விசாரணை நடந்தது. பழி காக்காவின் மேல் விழுந்தது. அந்த நேரத்தில் அவர் என்னோடு ஆற்றங்கரையில் இருந்தார் என்பதை அறிந்தவன் நான் ஒருவனே. அனுமதியின்றி வெளியே சென்றதற்காக என்னையும் விலக்கி விடுவார்களோ என்று அஞ்சி, நான் வாய் திறக்கவில்லை. அவரும் என் பெயரைச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சுப்ஹுக்குப் பின் அவருடைய பாயும் பெட்டியும் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. சில வாரங்கள் சென்றபின், பணத்தைத் தொலைத்த மாணவருடைய கிதாபின் தாள்களுக்கிடையே அந்த 200 ரூபாய் கிடைத்தது. பணம் கிடைத்தது, போனவர் திரும்பவில்லை.

அல்லாஹ்வுக்குச் செய்யத் தவறியதை அவனிடமே அழுது கேட்கலாம். அடியாருக்கு இழைத்த தீங்கிற்கோ, அந்த அடியாரே பொருந்திக் கொள்ள வேண்டும் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். அப்பாடத்தை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் அவர் முகம் என் முன் வந்து நிற்கும். முப்பது ஆண்டுகள் அவரைத் தேடினேன்.

2018-இல் என் மகன் என் கைபேசியில் முகநூலைத் திறந்து கொடுத்தான். சில வாரங்களில், நரைத்த தாடியுடன் ஒரு முகம் தெரிந்தது. கீழே, “பொது நண்பர் ஒருவர்” என்றிருந்தது. அப்பொது நண்பர் எங்களோடு ஓதியவர்; வளைகுடாவில் பணி செய்பவர். அவரிடம் எண்ணைக் கேட்டேன். ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் எண் வந்து விட்டது. அன்று மாலையே பேசினேன். ஸலாம் சொல்லிப் பெயரைச் சொன்னேன். நெடுநேரம் மௌனம். பிறகு, “நல்லா இருக்கியா தம்பி?” என்று கேட்டார். எனக்குப் பேச்சு எழவில்லை. பொருத்தம் கேட்பதை மறுநாளைக்கு ஒத்தி வைத்தேன்.

அந்த மகிழ்ச்சியில் ஒரு காரியம் செய்தேன். பழைய மாணவர்களுக்கென நாங்கள் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில், அவரைக் கேளாமலே அவர் எண்ணைச் சேர்த்து விட்டேன். தம்மைக் குழுவில் சேர்க்க யாருக்கு உரிமை உண்டு என்பதை ஒருவர் தாமே வரையறுக்கும் வசதி 2019-இல் தான் வந்தது. அப்போது எண் தெரிந்தவர் எவரும் எவரையும் இழுத்து உள்ளே விடலாம். வாழ்த்துகள் குவிந்தன. அவற்றின் நடுவே ஒருவர், வேடிக்கையாக எண்ணிக் கொண்டு, “பெட்டி எல்லாம் பத்திரம், காக்கா வந்துட்டாங்க” என்று எழுதினார். பணம் கிடைத்த செய்தியையும் என் குற்றத்தையும் நான் பதறி எழுதி முடிப்பதற்குள், அவர் குழுவை விட்டு வெளியேறி விட்டார். அக்குழுவில் இருந்தவர்களுள் ஒருவர் அவருடைய மருமகனுக்குச் சிறிய தந்தை என்பதைப் பின்னரே அறிந்தேன். அதன்பின் என் அழைப்பை அவர் ஏற்கவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு முன் பேசாமல் இருந்து அவருக்குத் தீங்கு செய்தேன். இப்போது கேளாமல் செய்து தீங்கு செய்தேன்.

யாருக்காகத் தேடினேன்?

எங்கே பிழைத்தேன் என்று பல இரவுகள் எண்ணிப் பார்த்தேன். அவரைத் தேடியது பிழையன்று. அவருக்காகத் தேடுகிறேன் என்று என்னையே நான் நம்ப வைத்தது தான் பிழை. உண்மையில் என் நெஞ்சின் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம் தேடினேன். அவருடைய வீடு அதற்கு ஏற்ற இடமா, அதற்கு அவர் இசைவாரா என்று நான் எண்ணவில்லை. எண் கிடைத்தமையே இசைவு என்று கொண்டேன்.

ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் பயணத்தை நான் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு ஹதீஸைக் கேட்டறிந்தவரின் வாயாலேயே கேட்க வேண்டுமென்று ஓர் ஒட்டகத்தை வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து, ஷாம் நாட்டில் இருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களின் வீட்டை அடைந்தார்கள். அறிவைத் தேடுவதன் சிறப்பிற்கே இதனை நாம் எடுத்துக் காட்டுவது வழக்கம். என் தவற்றிற்குப் பின் அந்நிகழ்ச்சியின் வேறொரு பகுதி என் கண்ணில் பட்டது. ஒரு மாதம் பயணம் செய்து வந்தவர் வாசலிலே நின்றார். வாயில் காப்போனிடம், ஜாபிர் வாசலில் நிற்கிறார் என்று உள்ளே சொல்லும்படி கேட்டுக் கொண்டார். உள்ளிருந்து, அப்துல்லாஹ்வின் மகன் ஜாபிரா என்று வினவப்பட்டது, ஆம் என்றார். அதன் பின்னரே வீட்டுக்குரியவர் விரைந்து வெளியே வந்து தழுவிக் கொண்டார். ஒரு மாதப் பயணம் அவருக்கு வாசல் வரை வரும் உரிமையைத் தந்ததே அன்றி, வாசலைக் கடக்கும் உரிமையைத் தரவில்லை. நானோ ஒரு நாழிகைத் தேடலில் வீட்டின் நடுக் கூடத்திற்கே சென்று விட்டேன்.

பிறர் வீட்டில் அனுமதி பெற்று ஸலாம் கூறாமல் நுழையலாகாது என்றும், திரும்பிப் போகச் சொன்னால் மனத்தாங்கலின்றித் திரும்பிவிட வேண்டும் என்றும் திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் நமக்குப் போதிக்கிறது. அபூ மூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வாசலில் மும்முறை அனுமதி கேட்டும் விடை வராமையால் திரும்பிச் சென்ற நிகழ்ச்சி நம்மில் பலரும் அறிந்தது. வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. ஒருவர் முப்பது ஆண்டுகளில் தமக்கெனக் கட்டிய பெயர், அவர் மனைவி மக்கள் அறிந்த அவருடைய வரலாறு, அவர் சொல்லாமல் மூடி வைத்த துயரம் ஆகிய யாவும் அவருடைய வீடு தான். பழைய நண்பர் என்பவர் அந்த வீட்டில் பாதிக் காலம் வாழாதவர். ஆனால் அதன் அடித்தளத்தை அறிந்தவர். ஆகவே அவர் அந்நியரைக் காட்டிலும் கவனமாக வாசலில் நிற்க வேண்டியவர்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் தோழமையின் கடமைகளை வகுத்துரைக்கும் இடத்தில் நுட்பமான ஒன்றைச் சொல்கிறார்கள். தோழரை வழியில் காண நேர்ந்தால், எங்கிருந்து வருகிறீர், எங்கே செல்கிறீர் என்று நாமாகக் கேட்கலாகாது. அதைச் சொல்வது அவருக்குச் சங்கடமாகலாம், அல்லது பொய்யுரைக்கும் நிலைக்கு அவர் தள்ளப்படலாம் என்பது அவர்கள் காட்டும் காரணம். வழியில் கண்டவரிடமே இவ்வளவு நாணம் வேண்டுமெனில், தாமாக விலகிச் சென்றவரிடம் எவ்வளவு வேண்டும்!

நடுவில் நிற்பவரின் அமானத்து

என் தவற்றில் அந்தப் பொது நண்பருக்கும் பங்குண்டு. பின்னாளில் அதை அவரிடம் மெல்லச் சொன்னபோது, “என்ன ஹழ்ரத், நம்ம ஆளுதானே என்று கொடுத்தேன்” என்றார். நம்மவர் அனைவரும் சொல்லும் சொல் இது. ஆனால் ஒருவர் நம்மிடம் தந்த எண் நமக்கு அவர் தந்த அமானத்து. கேட்பவர் நல்லவர் என்பதால், அதைத் தரும் உரிமை நமக்கு வந்து விடாது. உரியவரை ஒரு வார்த்தை கேட்பதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

கேட்பவர் நல்லவர் தாம் என்பதையும் எவ்வாறு அறிவது? பதினான்கு பொது நண்பர்கள் இருப்பதைக் கண்டதும் ஐயமின்றி நட்பழைப்பை ஏற்றுக் கொள்கிறோம். பிறர் படத்தையும் பெயரையும் வைத்துக் கொண்டு பழைய நண்பர் போல நுழைந்து, பின் அவசரம் என்று பணம் கேட்டு ஏமாற்றுபவர்கள் இதைத் தான் பயன்படுத்துகின்றனர். ஹதீஸ் கலை அறிஞர்கள் சங்கிலியை வெறும் எண்ணிக்கையால் மதிப்பிடவில்லை. ஒவ்வோர் அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராய்ந்தனர். ஒருவர் மற்றவரைச் சந்தித்தாரா என்று வினவினர். நூறு பேர் சொன்னாலும், நூற்றுவரும் ஒருவரிடமிருந்தே கேட்டிருந்தால், அது ஒருவர் சொன்னதாகவே நிற்கும் என்று தெளிந்தனர். முதலாமவர் ஆராயாமல் ஏற்றார். அவரை நம்பி இரண்டாமவர் ஏற்றார். இருவரையும் கண்டு மூன்றாமவர் ஏற்றார். இப்படி வந்த பதினால்வர், பதினான்கு சாட்சிகள் அல்லர். ஆகவே நடுவில் நிற்பவர் கேட்க வேண்டியவை இரண்டு: தேடுபவர் யார் என்று தேடுபவரிடம், தெரிவிக்கலாமா என்று தேடப்படுபவரிடம்.

இவ்வளவு தயங்கினால் நட்பு எவ்வாறு வாழும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. பிரிவைத் தாண்டிய நட்பை நம் முன்னோர் போற்றாமலில்லை. இப்னு உமர் (ரலி) அவர்கள் மக்கா செல்லும் வழியில் ஒரு கிராமத்து அரபியைக் கண்டு, தம் ஊர்தியாகிய கழுதையையும் தலைப்பாகையையும் அவருக்கு அளித்தார்கள். அவருடைய தந்தை தம் தந்தை உமர் (ரலி) அவர்களின் நண்பர் என்பதே காரணம். கதீஜா நாயகி (ரலி) அவர்கள் மறைந்த பின்னும், ஆடு அறுக்கும் போதெல்லாம் அந்நாயகியின் தோழியருக்கு இறைச்சியை அனுப்பி வந்தார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பழைய உறவின் பெயரால் கொடுக்கப்பட்டதே அன்றி, கேட்கப்பட்டது எதுவுமில்லை. நம் தமிழ் இலக்கியமும் இதற்குச் சான்று தருகிறது. பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரும் உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே, பிறர் வழிக் கேள்வியாலே நண்பரானவர்கள் என்பது புறநானூறு காட்டும் செய்தி. காணாமல் வாழும் நட்பும் நட்பே. கண்டே தீர்வேன் என்னும் பிடிவாதம் நட்புக்கு இலக்கணமன்று.

எனக்கு எஞ்சி நின்ற கேள்வி ஒன்றே. பொருத்தம் கேட்பது என் மேல் கடமை. அவர் வாசலோ மூடியிருக்கிறது. நான் என்ன செய்வது? எண்ணிய போது ஓர் உண்மை விளங்கியது. அவருக்கு நான் கொடுக்க வேண்டியது அவருடைய நற்பெயர். அதைக் கொடுக்க அவர் முகவரி எனக்குத் தேவையில்லை. பழி எங்கே சொல்லப்பட்டதோ அங்கே உண்மையைச் சொன்னால் போதும். முப்பது ஆண்டுகளில் எந்த நாளிலும் அதைச் செய்திருக்கலாம். நான் பெற விரும்பியது அவருடைய பொருத்தம். அதற்குத் தான் அவர் வாசல் வேண்டும். அதைத் திறப்பதும் திறவாததும் அவர் விருப்பம். கொடுக்க வேண்டியதை விட்டுவிட்டுப் பெற வேண்டியதற்காகவே நான் இத்தனை ஆண்டுகள் அலைந்திருக்கிறேன்!

குழுவில் முழு உண்மையையும் எழுதினேன். அன்று விசாரித்த உஸ்தாதுமார்களில் உயிரோடிருந்த ஒருவரிடம் நேரில் சென்று சொன்னேன். அவர் கண் கலங்கினார். பின்னர் அதே பொது நண்பர் மூலம், “ஸலாம் சொன்னேன் என்று சொல்லுங்கள். இன்னின்ன இடங்களில் உண்மையைச் சொல்லி விட்டேன் என்று சொல்லுங்கள். விடை வேண்டும் என்று கேட்க வேண்டாம்” என்று சொல்லியனுப்பினேன். பதினொரு மாதங்கள் விடையில்லை. பின்பு ஒரு நாள் நண்பர் அழைத்தார். “ஸலாமுக்குப் பதில் சொல்லச் சொன்னார். பொருந்திக் கொண்டேன் என்றார். பேசுவதற்கு இன்னும் மனம் வரவில்லை என்றார்” என்று தெரிவித்தார். அவர் எண் இன்றும் என் கைபேசியில் இருக்கிறது. நான் அழைப்பதில்லை. நோன்புப் பெருநாளிலும் ஹஜ்ஜுப் பெருநாளிலும் நண்பர் வழியே ஸலாம் போகிறது; ஸலாம் வருகிறது.

ஆகவே அன்பர்களே, பழைய நண்பரைத் தேடுங்கள், அது நன்று. கண்டதும் நீங்கள் யார், எதற்காகத் தேடினீர்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். விடை வராவிடில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் இடைவெளி விட்டுக் கேளுங்கள். அதன்பின் மனத்தாங்கலின்றித் திரும்புங்கள். கேளாமல் அவர் எண்ணைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள். கேளாமல் அவரைக் குழுவில் சேர்க்காதீர்கள். பழைய படத்தையும் பழைய கதையையும் அவர் மக்கள் பார்க்கும் இடத்தில் விரிக்காதீர்கள். குறிப்பாக, ஊரையும் உறவையும் விட்டு வேறு வாழ்வு அமைத்துக் கொண்ட பெண்மக்கள் விஷயத்தில் இவ்வெச்சரிக்கை பன்மடங்கு வேண்டும். ஓர் எண் கைமாறுவதால் அவர்களுக்கு நேரக்கூடிய துன்பம், ஆடவருக்கு நேர்வதைவிடப் பெரிது.

வாசல் திறந்தால் உள்ளே சென்று அமருங்கள். திறவாவிடில், வாசலில் நின்று கூறிய ஸலாம் வீணாவதில்லை. உள்ளே இருப்பவர் அதைக் கேட்டுத் தான் இருப்பார்.